கல்லுக்குக் கீழே லாடம்

சர்வேக்கு மனுப் போட்டது வள்ளிக்கண்ணுதான். அவள் புருஷன் தர்மராஜ் அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு வேளைச் சோறு தின்றதில்லை. ரசம் ஊற்றும்போது, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தது யாரு?" என்பார். மோர் ஊற்றும்போது, "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டது யாரு?" என்பார். ஊறுகாய்க்கு மட்டும் ஒன்றும் கேட்க மாட்டார். ஊறுகாய் ஜாடி அவள் கைப்பக்கம் இருந்தது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஸ்ரீரங்கம் தீவின் கிழக்குக் கோடியில், கொள்ளிடக் கரையை ஒட்டி அவர்களுக்கு ஒரு வாழைத்தோட்டம். தர்மராஜ் அரியமங்கலத்தில் லேத் பட்டறை டர்னர். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அதனால் தோட்டம் முழுக்க வள்ளிக்கண்ணுவின் ராஜ்யம். அந்த வருஷம் பூவன் போட்டிருந்தாள். பங்குனி பிறந்ததும் தார் தள்ளத் தொடங்கியது. பிள்ளை பெற்றவளுக்குச் சோறு எப்படியோ, தார் தள்ளிய வாழைக்குத் தண்ணீர் அப்படி. வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது கிழக்கு ஓரத்து மோட்டார் கொட்டகை ஒன்றுதான். அதுவும் நின்றால் காயெல்லாம் சூம்பிப் போகும், ஒரு வருஷப் பாடு மண்ணோடு போகும்.

அந்தக் கொட்டகை யாருடையது என்பதுதான் இப்போது வழக்கு.

கிழக்குத் தோட்டத்தை சுரேஷ்குமார் என்பவர் சில வருஷங்களுக்கு முன் வாங்கியிருந்தார். அங்கே கல்யாண மஹால் கட்டப்போவதாகப் பேச்சு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வாயைத் திறந்தால் அக்கா, அக்கா. "உங்க மோட்டார் கொட்டகை என் இடத்துல நிக்குற மாதிரி தெரியுதுக்கா" என்று முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு டீக்கடையில் சொன்னார், பால் சொசைட்டியில் சொன்னார். வள்ளிக்கண்ணுவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "அளந்து பாத்துருவோம். அளந்தா உங்க வாய் தானா மூடிக்கும்" என்று தாலுகா ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சர்வேயர் பிலோமின்ராஜ் நேர்மையான மனிதர். ஒரு வீட்டில் டீ குடித்தால் எதிர்வீட்டுக்காரர் சந்தேகப்படுவார் என்று எந்த வீட்டிலும் குடிக்காதவர். வந்தார், புலப்படத்தை விரித்தார், மூன்று கால் ஸ்டாண்டில் மிஷினை நிறுத்தினார். அவருடைய ஆள் வாழைச் சருகை ஒதுக்கி எல்லைக்கற்களைத் தேடினார். தெற்கே ஒன்று, நடுவில் ஒன்று, வடக்கே ஒன்று, மூன்றும் கிடைத்தன. மூன்றும் மோட்டார் கொட்டகைக்கு மேற்கே இருந்தன. கொட்டகையும் அதை ஒட்டிய இரண்டு வரிசை வாழையும் சுரேஷ்குமார் பக்கம் போய்விட்டன.

இத்தனை நாள் அந்தக் கல்லை அவள் பார்த்ததே இல்லையா என்று கேட்கலாம். எல்லைக்கல்லை யார் தினமும் போய்ப் பார்க்கிறார்கள்? இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்த வருஷம் இரண்டு தோட்டமும் சேறாகிக் கிடந்தது. அப்போது சுரேஷ்குமார்தான், "நீங்க எதுக்குக்கா கஷ்டப்படணும், என் ஜேசிபி சும்மாதானே நிக்குது" என்று இரண்டையும் சேர்த்து மட்டம் செய்து கொடுத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து காபி கொடுத்தாள். இப்போது அந்தக் காபிக்குப் போட்ட சர்க்கரைக்குக்கூட அவள் கணக்குப் பார்த்தாள்.

"கல்ல நகத்திட்டாங்க சார்!" என்றாள்.

பிலோமின்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கலாம்மா. நான் இல்லேங்கல. ஆனா கல்லுக்குக் கல்லு படத்துல இருக்குற தூரம் அப்படியே இருக்கு. மூணையும் ஒரே அளவுக்குத் தள்ளி நட்டாலும் அப்படித்தான் இருக்கும். அதக் கண்டுபிடிக்கக் குறுக்க அளக்கணும். மேற்க இருந்த கல்லு ரோடு போட்டப்ப போச்சு, கிழக்க இருந்தது வெள்ளத்துல போச்சு. நான் எதப் புடிச்சுக்கிட்டு அளக்குறது, சொல்லுங்க."

"அப்ப என் கொட்டகை?"

"சித்திரைத் தேர் முடிஞ்சதும் வரேன். அதுக்குள்ள வேற அத்தாட்சி இருந்தாக் காட்டுங்க. இல்லேன்னா இந்தக் கல்லத்தான் நான் உறுதி பண்ணணும்."

மறுநாள் காலையில் கொட்டகைக் கதவில் புதுப்பூட்டுத் தொங்கியது. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். "சர்வே முடியட்டும்மா, இது சிவில் மேட்டர்" என்று சொல்லி உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். வடக்குத் தோட்டத்து ராக்கம்மாள் நல்ல மனுஷி. தன் வாழைக்குப் பாய்ச்சியது போக மிச்ச நேரத்தில் இந்தப் பக்கம் ஓஸைத் திருப்பிவிட்டாள். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கிழக்கு வரிசையில் இலைகள் ஓரம் கருகி மடங்கின. இருட்டும்வரை வள்ளிக்கண்ணு குடத்தில் சுமந்து ஊற்றினாள். கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்து ஒரு வசவு. எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது.

ஒருநாள் காற்றில் கிழக்குக் கடைசி வரிசையின் தெற்கு மூலையில் ஒரு வாழை சாய்ந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அங்கே நட்ட கன்றின் பக்கக்கன்று அது. மற்ற இடத்தைவிட அங்கே மண் பொலபொலவென்று இருக்கும். கிழங்கை விட்டுவைத்தால் வண்டு விழும் என்று கடப்பாரையும் மண்வெட்டியுமாக அவள் தோண்டினாள். கிழங்கு வந்தது. அதற்கு அடியில் கடப்பாரை 'ணங்' என்றது.

கையை விட்டு எடுத்தாள். துருவேறிய இரும்புத் தகடுகள் இரண்டு, பாதி வெற்றிலை அளவு. ஒவ்வொன்றிலும் ஆணி அடித்த ஓட்டைகள். அருகருகே வைத்தால் மாட்டுக் குளம்பு மாதிரி பொருந்தின. கூடவே நிறம் போன ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தர்மராஜ் வீட்டில் இருந்தார். காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதர், இந்த இரும்பைப் பார்த்ததும் வாசலை விட்டுப் பின்வாங்கினார். "கீழ போடு! செய்வினை வெச்சிருக்கான். இதான், மோட்டார் போச்சு, வாழை போச்சு, அடுத்தது நான்தான்."

"உங்களுக்கு செய்வினை வெச்சு யாருக்கு என்ன லாபம்?" என்று வள்ளிக்கண்ணு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு ஒற்றை ரூபாய் நாணயம். புடவைத் தலைப்பால் துடைத்து வெயிலில் காட்டினாள். நாணயத்தில் இருந்தது வெள்ளம் வந்த வருஷம்.

அதற்குள் தர்மராஜுக்குப் பயத்தைவிடத் தொழில்புத்தி பெரிதாகிவிட்டது. தகடு ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மாட்டு லாடம் வள்ளி. ஓடித் தேஞ்சது. இந்தத் துரு நேத்து முந்தாநேத்து ஏறுனது இல்ல. நம்ம ரெண்டு பேரு வயசையும் கூட்டுனாலும் பத்தாது."

பழைய இரும்பு, புதுக் காசு. வள்ளிக்கண்ணு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் துணியில் காசு முடிவது செய்வினைக்காரன் வேலையா? வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் முடிகிறோம், நேர்த்திக்கடன் தள்ளிப்போனால் முடிகிறோம். தாயே, இப்போதைக்குப் பொறுத்துக்கொள், கோபிக்காதே என்று சாமிக்குச் சொல்வதற்குத்தான் மஞ்சள் துணி. இதை வைத்தவன் கெடுக்க வந்தவன் இல்லை, எதையோ கண்டு பயந்தவன் என்று அவளுக்குப் பட்டது.

லாடத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு ராக்கம்மாளிடம் போனாள். ராக்கம்மாள் பார்த்ததும், "அடியே, இத எதுக்கு எடுத்த?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமாக்கா இது?"

"வெள்ளத்துல என் வடக்குக் கல்லு சாஞ்சுச்சுல்ல, அதுக்கு அடியில இதே மாதிரி ஜோடி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப சொல்லியிருக்காரு. இந்தத் தோட்டமெல்லாம் அப்ப வண்டிக்காரங்களோடது. காந்தி மார்க்கெட்டுக்குத் தார் ஏத்திக்கிட்டுப் போற மாடு செத்துப்போனா, லாடத்தக் கழட்டி எல்லைக் கல்லுக்கு அடியில வெச்சுருவாங்களாம். வாயில்லா ஜீவன் காவலுக்கு நிக்கும், பொய் சொல்லாதுன்னு. நான் தொட்டுக் கும்புட்டுட்டு மூடிட்டேன்."

"இத ஏன்க்கா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"யாராவது கேட்டீங்களா? எல்லைக்கல்ல எவன் தோண்டிப் பாக்கப் போறான்!"

அந்தச் சொல் வள்ளிக்கண்ணுவுக்குள் போய் உட்கார்ந்தது. தோண்டியவன் ஒருத்தன் இருக்கிறான். கல்லைப் பெயர்த்தான், லாடத்தைப் பார்த்தான், பயந்தான், காசு முடிந்து வைத்துவிட்டு மூடினான். அப்படியானால் கல் இருந்த இடம் அவள் கிழங்கு தோண்டிய குழிதான். அது கொட்டகைக்குக் கிழக்கே, அந்தப் பக்கம் இருக்கிறது. கொட்டகை தன்னுடையது! தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கத்தவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

மறுநாள் தர்மராஜ் பட்டறையிலிருந்து நீளமான ஒரு கம்பியைக் கூர்சீவிக் கொண்டுவந்தார். அவர் வாய்தான் அவளைத் திட்டும், கை எப்போதும் அவள் கட்சி. தெற்குக் கல்லுக்கும் நடுக்கல்லுக்கும் உள்ள தூரத்தைக் கயிற்றில் பிடித்தார்கள். அதே கயிற்றைக் கிழங்குக் குழியிலிருந்து கல்வரிசை போகிற திக்கிலேயே நீட்டினார்கள். கயிறு முடிந்த இடத்தில் தர்மராஜ் கம்பியை இறக்கினார். பொலபொல மண், சரசரவென்று இறங்கியது. பிறகு 'ணங்'.

தர்மராஜ் மண்வெட்டியை எடுத்துவிட்டார். அவள் கையைப் பிடித்தாள். "வேணாங்க. நாம தோண்டுனா நாம வெச்சதாயிடும். சர்வேயர் வந்து தோண்டட்டும், ஊரே பாக்கட்டும்." மூன்றாவது இடத்துக்கு அவர்கள் கம்பியைக்கூடக் கொண்டுபோகவில்லை.

தேர் நிலைக்கு வந்தது. சொன்னபடி பிலோமின்ராஜும் வந்தார். சர்வே என்றால் ஊருக்குப் பொழுதுபோக்கு, பாதித் தெரு தோட்டத்தில் நின்றது. தர்மராஜ் அன்றைக்குப் பட்டறைக்கு லீவு போட்டிருந்தார். சுரேஷ்குமார் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பின்னால் அவரிடம் வேலை பார்க்கும் பிச்சை, தோளில் கடப்பாரையோடு வந்தார். கல், மண் என்று கனமான வேலைக்கெல்லாம் சுரேஷ்குமார் கூப்பிடுகிற ஆள் அவர், மணப்பாறைப் பக்கம், அதிகம் பேசாதவர்.

வள்ளிக்கண்ணு லாடத்தையும் முடிச்சையும் சர்வேயர் முன்னால் வைத்தாள். எங்கே, எப்படிக் கிடைத்தது என்று சொல்லிமுடிக்கவில்லை, அதற்குள் சுரேஷ்குமார் துள்ளினார். உண்மையிலேயே அவர் முகம் வெளுத்திருந்தது.

"சார், பாத்தீங்களா! இந்தம்மா எனக்கு சூனியம் வெச்சிருக்கு! எடம் கெடைக்காதுன்னு தெரிஞ்சதும் மஞ்சத் துணி, தகடுன்னு ஆரம்பிச்சிருச்சு!"

கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. தர்மராஜ் மட்டும் நகரவில்லை. அந்தக் கட்டத்தை அவர் போன ஞாயிற்றுக்கிழமையே கடந்துவிட்டார்.

"நான்தான் வெச்சேன்னே வெச்சுக்குவோம்" என்றாள் வள்ளிக்கண்ணு. "ராக்கம்மாக்கா கல்லுக்கு அடியிலயும் நானா போயி வெச்சேன்? சார், அவங்க கல்லு சாஞ்சு கெடக்கு. எப்படியும் நிமித்தி நடணும். எடுத்துப் பாருங்க."

பிலோமின்ராஜ் யோசித்தார். ராக்கம்மாள் சம்மதம் சொன்னாள், கல்லைத் தூக்கினார்கள். அடியில் களிமண்ணில் புதைந்து இரண்டு லாடம். அச்சு அசல் அதே ஜோடி.

"இப்ப இந்த நடுக்கல்லு" என்றாள் வள்ளிக்கண்ணு.

"வெள்ளக்காரன் காலத்துக் கல்லு சார், தொடாதீங்க" என்று சுரேஷ்குமார் தடுத்துப் பார்த்தார். சர்வேயர் ஒரு பார்வை பார்த்ததும் நகர்ந்தார். நடுக்கல்லைப் பெயர்த்தார்கள். அடியில் லாடமும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் கிளறியபோது கசங்கிய பிளாஸ்டிக் ஒன்று வந்தது. தண்ணீர் பாக்கெட் கவர்.

"வெள்ளக்காரன் காலத்துக் கல்லுன்னாரே இவரு" என்று ராக்கம்மாள் சத்தமாகச் சொன்னாள். "அப்பவே வெள்ளக்காரன் பாக்கெட் தண்ணி குடிச்சிருக்கான் பாருங்க."

தோட்டம் சிரித்தது. சுரேஷ்குமார் சிரிக்கவில்லை, அசரவும் இல்லை. "சார், வெள்ளத்துல என்னென்னமோ அடிச்சுக்கிட்டு வரும். குப்பையெல்லாம் சாட்சியா? பக்கத்துக் கல்லப் பாத்துட்டு இந்தம்மாவே லாடம் வாங்கிப் பொதைச்சிருக்கலாம். பழைய இரும்புக் கடையில எத்தனை லாடம் வேணும் உங்களுக்கு?"

அது ஒரு கேள்விதான். பிலோமின்ராஜ் வள்ளிக்கண்ணுவைப் பார்த்துத் தலையை அசைத்தார். "நான் நம்புறேம்மா. ஆனா நம்புறத எழுத முடியாது. இன்னும் ரெண்டு எடம் இருக்கணுமே, அதப் பாப்போம். நீங்க கைகாட்ட வேணாம். கெழங்குக் குழியிலருந்து படத்துல இருக்குற தூரத்த மிஷினே சொல்லட்டும்."

"தோண்டுறது என் ஆளு தோண்டட்டும் சார்" என்றார் சுரேஷ்குமார். "அப்பத்தான் கண்கட்டு வித்தை நடக்காது. பிச்சை, போப்பா."

நடு இடத்தை மிஷின் காட்டியது. பிச்சை தோண்டினார், எடுத்தார், கீழே வைத்தார். இரண்டு லாடம், மஞ்சள் முடிச்சு. சுரேஷ்குமார், "எல்லாம் இந்தம்மா வேலை" என்றார். ஆனால் குரலில் பழைய கஞ்சி இல்லை.

பாக்கி வடக்கு மூலை. பிலோமின்ராஜ் மிஷினுக்குள் கண்ணை வைத்தார். அவருடைய ஆள் உச்சியில் கண்ணாடி பதித்த அளவுக் கம்பைத் தூக்கிக்கொண்டு வாழைக்குள் போனார். "இடது... இன்னும் இடது... முன்னால வாங்க... கொஞ்சம் பின்னால..." கூட்டம் முழுக்க அந்தக் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. வள்ளிக்கண்ணு மட்டும் பிச்சையைப் பார்த்தாள்.

கடப்பாரையோடு அவர் ஏற்கெனவே போய் ஒரு இடத்தில் நின்றிருந்தார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. பாதையோரம் ஒரு வாழையடியில் அவருடைய செருப்பு இரண்டும் கிடந்தது. அந்த வெறும் மண்ணில் வெறுங்காலோடு, கோயில் வாசலில் நிற்கிறவர் மாதிரி ஒடுங்கி நின்றார்.

கம்பு அங்கே இங்கே ஆடியது. "இன்னும் ரெண்டடி... அங்கதான், நிறுத்து" என்றார் பிலோமின்ராஜ். கம்பின் முனை பிச்சையின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

வள்ளிக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போனாள். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் கோபமில்லாமல் கேட்டாள். "பிச்சண்ணே, செருப்ப ஏன் கழட்டுனீங்க?"

பிச்சை குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போல இருந்தது.

"இந்த எடம்னு மிஷினுக்கே இப்பத்தான் தெரியுது. உங்களுக்கு எப்படிண்ணே முன்னாடியே தெரியும்?"

பிச்சை கடப்பாரையைக் கீழே வைத்தார். சுரேஷ்குமாரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே பேசினார்.

"நாங்க மாட்டோட பொறந்து மாட்டோட வளந்தவங்கம்மா. உழைச்ச மாட்டோட லாடத்துமேல செருப்புக் கால வெக்க முடியல. கூலிக்குத்தான் கல்லத் தூக்குனேன். தூக்குனா அடியில காவலு. மொதலாளி அத எடுத்து ஆத்துல எறியச் சொன்னாரு. மனசு வரல. ஒரு ரூவா முடிஞ்சு வெச்சு, மன்னிச்சுக்கன்னு சொல்லி மூடிட்டேன். கல்லத்தாம்மா நகத்துனேன். காவல நகத்தல."

"டேய்!" என்று சுரேஷ்குமார் அலறினார். "கொள்ளிடத்துல போட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுனியேடா!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. தவளை தன் வாயால் கெடும் என்று நம் ஆட்கள் சொல்லி எத்தனையோ காலமாகிறது. தவளைகள் கேட்பதில்லை.

முதலில் சிரித்தது தர்மராஜ். அவர் சிரித்து அந்தத் தெரு பார்த்ததில்லை. பிறகு ராக்கம்மாள், பிறகு எல்லோரும். யாரோ விசில் அடித்தார்கள். பிலோமின்ராஜ் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சர்க்கார் கல்ல நகத்துறது குற்றம், தெரியும்ல சுரேஷ்குமார்? இத்தனை பேரு முன்னால ஒத்துக்கிட்டிருக்கீங்க. நான் எழுதித்தான் ஆகணும்." சுரேஷ்குமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். போனில் யாரும் பேசின மாதிரி தெரியவில்லை.

வடக்கு மூலையிலும் லாடம் இருந்தது. மூன்று ஜோடியும் படத்தில் உள்ள அளவுக்கு இம்மி பிசகாமல் பொருந்தின. மோட்டார் கொட்டகை அந்தக் கோட்டுக்கு உள்ளே, வள்ளிக்கண்ணு பக்கம், ஜம்மென்று நின்றது.

பிச்சை அவள் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டார். "அம்மா, நான் செஞ்சது..."

"எடுத்த கையாலயே நட்டுருங்கண்ணே" என்றாள் அவள். "அந்தக் காசக் கொண்டுபோயி சமயபுரத்து ஆத்தா உண்டியல்ல போட்டுருங்க. உங்களுக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு அது. எனக்கு வேணாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. லாடங்களை அந்தந்தக் குழியில் திரும்ப வைத்தார். அவற்றின்மேல் மூன்று கல்லையும் தர்மராஜும் அவருமாகத் தூக்கி நட்டார்கள். ராக்கம்மாள் எங்கிருந்தோ மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து பூசிவிட்டாள். பிலோமின்ராஜ் ஒவ்வொன்றையும் மிஷினில் பார்த்துத் தலையசைத்தார்.

மிச்சம் இருந்தது பூட்டு. தர்மராஜ் சுத்தியலோடு கிளம்பினார். "ஒரே அடி வள்ளி, தெறிச்சுரும்."

"வேணாங்க. பூட்டுனவரே வந்து தொறக்கட்டும்."

சுரேஷ்குமார் காருக்குப் போய்ச் சாவியோடு திரும்பி வந்தார். பாதித் தெரு வழிவிட்டு நின்றது. புதுப்பூட்டு என்று நினைத்தால் அது இறுகிப்போயிருந்தது. அவர் குனிந்து, கஞ்சிச் சட்டை முதுகில் நனைய, நாலைந்து தடவை திருப்பியபின் திறந்தது. பூட்டை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். இந்த முறை அக்கா என்று சொல்லவில்லை.

வள்ளிக்கண்ணு உள்ளே போய் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மும்முனை கரண்ட் வரவில்லை.

இன்றைக்குமா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கூட்டம் கலையவில்லை. டீ வந்தது. பிலோமின்ராஜ் அளவுகளை எழுதியபடி வாழை நிழலில் உட்கார்ந்தார். வழக்கு முடிந்துவிட்டதால் அவரும் ஒரு டீ வாங்கிக்கொண்டார். தூரத்தில் ராஜகோபுரத்தின்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தர்மராஜ் பீஸ் கட்டையைத் துடைத்தார், ஒயரைத் தட்டினார், மின்வாரியத்தைத் திட்டினார். வள்ளிக்கண்ணு கொட்டகைக்குள்ளேயே பொத்தானில் கையை வைத்தபடி நின்றாள்.

சுவரில் கரண்ட் வந்ததைக் காட்டும் சின்ன விளக்கு மூன்றும் பளிச்சென்று எரிந்தன. பொத்தானை அழுத்தினாள். மோட்டார் ஒருமுறை முனகியது, பிறகு உறுமியது. குழாய் இருமி, காற்றைத் துப்பி, கொஞ்சம் துருத்தண்ணீரைக் கக்கியது. பிறகு தண்ணீர் குழாய் நிறையக் கொட்டியது.

வெளியே ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. வள்ளிக்கண்ணு தொட்டிக்கு ஓடி இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். வாரி முகத்தில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் வந்த தர்மராஜ்மேலும் அடித்தாள். அவர், "ஏய், லூசு" என்றார். சொல்லிவிட்டுத் தானும் கையை விட்டார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, வெடித்த மண்ணில் சூ என்று ஊறி, கருகி நின்ற கிழக்கு வரிசையின் முதல் வாழை அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

பிலோமின்ராஜ் காகிதத்தோடு வந்தார். "எல்லாம் எழுதியாச்சும்மா. எல்லை உறுதியாயிருச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் கிளம்பிருவேன்."

எத்தனை நாளாக அந்தக் காகிதத்துக்காகத் தூங்காமல் கிடந்தாள்! இப்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கை ஈரமா இருக்கு சார். கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.